வக்கீல் வைக்கப் பணமில்லாதவனுக்கு வைத்தியப் பிழைக்குப் பரிகாரம் உண்டா?

சென்ற வாரம் சென்னிமலைப் பக்கத்திலிருந்து ஒரு நெசவுத் தொழிலாளியும் அவருடைய மனைவியாரும் நமது காரியாலயத்திற்கு வந்திருந்தார்கள். அந்த அம்மையாரால் நிமிர்ந்து உட்கார முடியவில்லை. பெஞ்சியில் ஒருக்களித்துச் சாய்ந்துகொண்டே பேசினார். இருவரும் ஒரு துணிப்பையை நம் மேஜை மீது கவிழ்த்தார்கள். அதிலிருந்து பில்லுகளும், ஸ்கேன் படங்களும், மருந்துச் சீட்டுகளும், அடகுக்கடை ரசீதுகளுமாக ஒரு குவியல் விழுந்தது. அடியில் ஒரு கடுதாசி தனியாய் மடித்து வைக்கப்பட்டிருந்தது. அதைப் பற்றிப் பின்னால் சொல்லுவோம்.

சங்கதி இதுதான். அம்மையாருக்குக் கர்ப்பப்பை எடுக்கும் ஆப்பரேஷன் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நடந்தது. செலவு ரூ. 85,000. வீடு திரும்பியது முதல் காய்ச்சலும் வயிற்றுவலியும். மூன்று தடவை அதே ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். மூன்று தடவையும் "வாயு" என்று சொல்லி மாத்திரை கொடுத்து அனுப்பினார்களாம். இருபத்தாறாம் நாள் வேறொரு ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்துப் பார்த்தால், வயிற்றுக்குள்ளே இரத்தம் ஒற்றும் துணி ஒன்று அப்படியே இருந்திருக்கின்றது! மறுபடியும் ஆப்பரேஷன், மறுபடியும் செலவு, இந்தத் தடவை ரூ. 2,40,000. தாலிக்கொடியும் தறியும் அடகில் இருக்கின்றன. தறியில் உட்கார்ந்து சம்பாதித்துக்கொண்டிருந்த அம்மையார் இன்று தண்ணீர்க்குடம் தூக்கவும் லாயக்கற்றவராய்ச் செய்யப்பட்டுவிட்டார். இது நடந்து ஒரு வருஷமும் எட்டு மாதமும் ஆகிவிட்டது.

"இத்தனை நாள் என்ன செய்தீர்கள்?" என்று கேட்டோம். "வக்கீல் தேடிக்கிட்டு இருந்தமுங்க ஐயா" என்றார் அந்தத் தோழர்.

அந்தத் தேட்டத்தின் கதையைக் கேட்டால் வாசகர்கள் சிரிப்பதா அழுவதா என்று திகைப்பார்கள். முதல் வக்கீல், முன்பணம் ரூ. 50,000 கொண்டுவந்தால்தான் கட்டைத் தொடுவேன் என்றாராம். இரண்டாம் வக்கீல் அரை மணி நேரம் அனுதாபத்தோடு எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, மறுநாள் போனவுடன், தாமே அந்த ஆஸ்பத்திரிக்கு வக்கீல் என்பதாகச் சொல்லிக் கட்டைத் திருப்பிக் கொடுத்தாராம். கட்சியின் இரகசியம் முழுவதும் காதில் வாங்கிக்கொண்ட பிறகு இந்த ஞானம் உதயமாயிற்று போலும்! மூன்றாவது ஆள் வக்கீலே அல்ல; கோர்ட்டு வாசல் டீக்கடைத் தரகர். "வருவதில் பாதி எனக்கு, வெற்றுப் பத்திரத்தில் ஒரு கையெழுத்துப் போடு" என்றாராம். நல்லவேளையாக அம்மையார் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். அந்த வீட்டில் புத்தி அவரிடம்தான் இருக்கின்றது என்பது நமது அபிப்பிராயம். கணவரும் இதை மறுக்கவில்லை.

இந்த நிலைமையில் மைத்துனர் ஒருவர் வந்து, "எல்லாம் தலையெழுத்து, உயிர் பிழைத்ததே பெரிது, விட்டுத் தள்ளுங்கள்" என்று உபதேசம் செய்திருக்கின்றார். தலையெழுத்தா? பிரமன் தலையில்தானே எழுதுகின்றானாம். வயிற்றுக்குள் துணி வைத்துத் தைக்கும் தொழிலை எப்போது எடுத்துக்கொண்டான்? எல்லாம் விதிப்படி என்றால் அந்த ஆஸ்பத்திரிக்காரர் தமது ரூ. 85,000-ஐயும் விதிக்கே விட்டிருக்கலாமே. அதை மட்டும் ஏன் அட்மிஷனுக்கு முன்பே எண்ணி வாங்கி ரசீது போட்டார்?

வயிற்றுக்குள் துணி எப்படித் தங்குகின்றது என்பதை யோசித்துப் பார்த்தாலே இது விதியா, அஜாக்கிரதையா என்பது விளங்கும். ஆப்பரேஷன் அறையில், கத்தி வைப்பதற்கு முன் எத்தனை துணிகள், எத்தனை ஊசிகள், எத்தனை ஆயுதங்கள் இருக்கின்றன என்று நர்ஸுகள் எண்ணி எழுதவேண்டும். தைத்து மூடுவதற்கு முன் மறுபடியும் எண்ணவேண்டும். உலக சுகாதார ஸ்தாபனம் 2008-இல் வெளியிட்ட ஆப்பரேஷன் பத்திரப் பட்டியலிலேயே இந்த எண்ணிக்கை ஒரு இனமாக இருக்கின்றது. எண்ணிக்கை தவறினாலும் எக்ஸ்ரேயில் தெரியவேண்டும் என்பதற்காக இத்துணிகளில் ஒரு விசேஷ நூலை வைத்துத் தயாரிக்கின்றார்கள். ஒன்று இரண்டு மூன்று என்று எண்ணத் தெரிந்தால் தவிர்க்கக்கூடிய ஒரு காரியத்தைத் தவிர்க்காமல் விட்டுவிட்டு அதற்கு விதி என்று பெயர் வைப்பதைவிட அக்கிரமம் வேறில்லை.

ஆனால், நாம் வைத்தியர்களுக்கு விரோதியல்ல என்பதையும் இங்கேயே சொல்லிவிடவேண்டும். பேயோட்டியிடம் போகாதே, டாக்டரிடம் போ என்று ஊரூராய்ச் சொல்லி வருகின்றவர்கள் நாம். நோயாளி இறந்துபோனாலே டாக்டர் கொன்றுவிட்டார் என்று ஆஸ்பத்திரிக் கண்ணாடியை உடைப்பது மூடத்தனம். அதைத் தண்டிப்பதற்கு நம் மாகாணத்தில் 2008 முதல் தனிச்சட்டமே இருக்கின்றது. சிகிச்சை பலிக்காமல் போவது வேறு. செய்யவேண்டிய ஜாக்கிரதையைச் செய்யாமல் போவது வேறு. 2005-இல் ஜேக்கப் மாத்யூ வழக்கில் சுப்ரீம் கோர்ட்டார், சாதாரணத் திறமையுள்ள ஒரு டாக்டர் காட்டக்கூடிய ஜாக்கிரதையைக் காட்டினாரா என்பதே கேள்வி என்றும், கிரிமினல் குற்றமாவதற்கு மிகக் கடுமையான அஜாக்கிரதை வேண்டும் என்றும், வேறொரு தகுதியுள்ள டாக்டரின் நம்பத்தகுந்த அபிப்பிராயம் இல்லாமல் பிராதை ஏற்கக்கூடாது என்றும் சொல்லிவிட்டார்கள். ஆகவே, ஆத்திரத்தில் முதலில் போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓடுவதால் ஏழைக்குப் பெரும்பாலும் அலைச்சல்தான் மிச்சம்.

பின் எங்கே போவது? நுகர்வோர் கமிஷனுக்கு. 1986-ஆம் வருஷத்திய நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் வைத்தியமும் அடங்குமா என்று டாக்டர்கள் சங்கம் சுப்ரீம் கோர்ட்டு வரை போய் வாதாடியது. பணம் வாங்கிச் செய்யும் வைத்தியம் அடங்கும் என்று 1995-இல் தீர்ப்பாயிற்று. நோயாளிக்காக இன்ஷியூரன்ஸ் கம்பெனி பணம் கட்டியிருந்தாலும் அடங்கும்; சிலரிடம் பணம் வாங்கிச் சிலருக்கு இலவசமாய்ச் செய்யும் ஆஸ்பத்திரியானால் அந்த இலவச நோயாளியும் கேட்கலாம். சர்க்காருடையதானாலும் தனியாருடையதானாலும், எல்லோருக்குமே இலவசமாய்ச் செய்யும் ஆஸ்பத்திரி மட்டுமே இதற்கு வெளியே நிற்கின்றது. இப்பொழுது அமுலில் இருப்பது 2019-ஆம் வருஷத்திய புதுச் சட்டம்; 2020 ஜூலை முதல் நடக்கின்றது. இதன்படி, ஆஸ்பத்திரிக்குக் கட்டிய தொகை ரூ. 50 லட்சம் வரையில் ஜில்லாக் கமிஷனிலேயே மனுப் போடலாம். கட்டிய தொகை ரூ. 5 லட்சத்துக்கு உட்பட்டதானால் மனுவுக்குக் கட்டணம் ஒரு காசும் கிடையாது. ஆஸ்பத்திரி எந்த ஊரில் இருந்தாலும், மனுதாரர் குடியிருக்கும் ஜில்லாவிலேயே போடலாம். வக்கீல் கட்டாயம் வேண்டும் என்பதும் இல்லை. தாமே நின்று சொல்லலாம். பதிவு செய்யப்பட்ட நுகர்வோர் சங்கமும் மனுப் போடலாம்.

"அப்படியானால் வக்கீலே வேண்டாமே" என்று சிலர் சொல்லுவார்கள். சட்டம் அப்படிச் சொல்லுகின்றது. அனுபவம் அப்படிச் சொல்லவில்லை. எதிர்க்கட்சியில் ஆஸ்பத்திரி ஒரு வக்கீலையும், அதன் இன்ஷியூரன்ஸ் கம்பெனி இன்னொரு வக்கீலையும் வைத்துக்கொண்டு, பத்து இங்கிலீஷ் புஸ்தகங்களை அடுக்கிக்கொண்டு நிற்கும்போது, நான்காம் வகுப்புப் படித்த நெசவாளி தன்னந்தனியாய் நின்று "கவனமின்மை" என்பதை ருசுப்பிக்கவேண்டும் என்பது பெயரளவிலான உரிமையே. கல்கத்தாவில் நடந்த வைத்தியப் பிழையால் 1998-இல் தம் மனைவியை இழந்த ஒருவர் பதினைந்து வருஷம் போராடி 2013-இல் சுமார் ரூ. 6 கோடி தீர்ப்பு வாங்கினார் என்று பத்திரிகைகள் எல்லாம் கொண்டாடின. அவர் யார்? அமெரிக்காவில் வேலை பார்த்த டாக்டர்! டாக்டருக்கே பதினைந்து வருஷமானால் தறிக்காரனுக்கு எத்தனை வருஷம் என்று கணக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

அமெரிக்காவில் ஒரு வழக்கம் உண்டு. அங்கே வக்கீல் முன்பணம் கேட்காமல், ஜெயித்தால் மூன்றில் ஒரு பங்கு என்பது போல எடுத்துக்கொண்டு வழக்கு நடத்துவார். (அங்கும் சிறு நஷ்டக்காரனை எந்த வக்கீலும் சீந்துவதில்லை, டாக்டர் சாட்சிக்கு ஆகும் செலவே கிடைக்கும் தொகையைத் தின்றுவிடும்.) நம் நாட்டில் அப்படிப் பங்கு பேசுவது வக்கீல்களின் பார் கவுன்சில் விதிப்படியே கூடாத காரியம். ஆகவே "வருவதில் பாதி" என்று ஒருவர் கேட்டால், அவர் வக்கீலானால் தமது தொழில் விதியை மீறுகின்றார். வக்கீல் இல்லையானால் தரகர். இரண்டில் எதுவானாலும் எழுந்து வந்துவிட வேண்டியதுதான். இன்னொரு வேடிக்கையையும் பாருங்கள். டாக்டர் தவறு செய்தால் நுகர்வோர் கமிஷனுக்கு இழுக்கலாம். வக்கீல் தவறு செய்தால் இழுக்கக்கூடாது என்று 2024 மே மாதத்தில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொல்லியிருக்கின்றது. வக்கீல்களாய் இருந்தவர்கள் நீதிபதிகளாய் உட்கார்ந்து வக்கீல்களைப் பற்றிச் செய்த தீர்மானம் இது என்பதற்குமேல் நாம் ஒன்றும் சொல்ல வரவில்லை.

இனி, வந்த தம்பதிகளுக்கு நாம் சொன்ன முக்கியமான சங்கதிக்கு வருவோம். அந்தத் தோழர் இருபது மாத காலமாய்த் தம் பெயரிலேயே வக்கீல் தேடினார். ஆப்பரேஷன் யாருக்கு நடந்தது? அம்மையாருக்கு. நஷ்டம் யாருடைய உடம்பில்? அம்மையார் உடம்பில். அப்படியிருக்க மனு ஏன் அவர் பெயரில் இருக்கக்கூடாது என்று கேட்டோம். "பொம்பளை கோர்ட்டு ஏறலாமுங்களா?" என்றார் அவர். இந்த ஒரு வார்த்தைதான் அந்தக் குடும்பத்தை இருபது மாதம் அலைய வைத்தது என்றால் மிகையாகாது. ஏனெனில், 1987-ஆம் வருஷத்திய சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-ஆம் பிரிவின்படி, பெண்ணாய் இருந்தாலே போதும், சர்க்கார் செலவில் வக்கீல் கேட்க உரிமை உண்டு. வருமானக் கணக்கே கிடையாது. குழந்தைகளுக்கும், ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கும், ஊனமுற்றோருக்கும், தொழிற்சாலைத் தொழிலாளிகளுக்கும், காவலில் இருப்பவர்களுக்கும் அப்படியே. மற்றவர்களுக்குத்தான் மாகாண சர்க்கார் வைத்த வருமான வரம்பு. அதாவது, ஏழு கடைப்படி ஏறி இறங்கிய புருஷனுக்குக் கிடைக்காத வக்கீல், "கோர்ட்டு ஏறக்கூடாது" என்று வீட்டில் உட்காரவைக்கப்பட்ட மனைவிக்கு ஒரு வெள்ளைக் காகித மனுவில் கிடைக்கக்கூடியவராய் இருந்தார்! இதைச் சொன்னவுடன் அம்மையார் கணவரைப் பார்த்த பார்வையை எழுத நமக்குச் சக்தி இல்லை.

இந்த ஆபீஸ் ஒவ்வொரு ஜில்லாக் கோர்ட்டுக் கட்டிடத்திலும் இருக்கின்றது. ஜில்லா ஜட்ஜே தலைவர். தாலூகாக் கோர்ட்டுகளில் கமிட்டி உண்டு. 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் கேட்கலாம். எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னால் அங்கேயே எழுதிக்கொள்ள வேண்டும். வழக்கில் முகாந்திரம் இருக்கின்றதா என்று மட்டும் பார்ப்பார்கள். வக்கீல் பீஸ், நோட்டீஸ் செலவு, நகல் செலவு ஆகியவை அவர்கள் பொறுப்பு. இப்படிக் கொடுக்கப்பட்ட வக்கீல் கையை நீட்டினால் ஒரு பைசாவும் கொடுக்கவேண்டியதில்லை. அதே ஆபீஸில் எழுதிக் கொடுத்து வேறு ஆள் கேட்கலாம். இலவச வக்கீல் என்றால் இளப்பம் என்று ஒரு எண்ணம் இருக்கின்றது. சில இடங்களில் அது உண்மையாயிருப்பதையும் நாம் அறிவோம். வாய்தா வாங்குவதைத் தவிர வேறொன்றும் தெரியாதவர்களைப் பார்த்திருக்கின்றோம். ஆனால், ரூ. 50,000 வாங்கிக்கொண்டு வாய்தா வாங்குகின்றவர்களையும் பார்த்திருக்கின்றோமே! எந்த வக்கீலானாலும், முதல் சந்திப்பில் கேஸ் ஷீட்டைக் கேட்டு வாங்கிப் படிக்கின்றாரா என்று பார்க்கவேண்டும். படிக்காமலேயே "பத்து லட்சம் நிச்சயம்" என்பவரிடம் போகாதிருப்பதே மேல்.

கேஸ் ஷீட் என்றதும் நினைவுக்கு வருகின்றது. தம்பதிகள் கொட்டிய குவியலில் பில்லுகள் எல்லாம் இருந்தன. முதல் ஆஸ்பத்திரியின் ஆப்பரேஷன் குறிப்பு மட்டும் இல்லை. கேட்டதற்கு "அது ஆஸ்பத்திரிச் சொத்து" என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம். 2002-ஆம் வருஷத்திய வைத்தியர் நடத்தை விதிகளின்படி, உள்நோயாளியின் தஸ்தாவேஜுகளை மூன்று வருஷம் வைத்திருக்கவேண்டும். நோயாளியோ அவர் அதிகாரம் கொடுத்தவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்கவேண்டும். வாயால் கேட்காமல், எழுதி, ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பி, அதன் ரசீதைப் பத்திரப்படுத்தவேண்டும். கொடுத்தால் நல்லது; கொடுக்காவிட்டால் இன்னும் நல்லது. ஏன் மறைத்தாய் என்று கமிஷனில் கேட்கலாம். சர்க்கார் ஆஸ்பத்திரியானால் தகவல் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய்க் கட்டணத்தில் கேட்கலாம்.

"எந்த டாக்டருங்க இன்னொரு டாக்டருக்கு விரோதமாச் சாட்சி சொல்லுவாரு?" என்று அந்தத் தோழர் கேட்டது நியாயமான கேள்வி. ஒரு ஜாதிக்கட்டுப்பாடு அங்கேயும் இருக்கத்தான் செய்கின்றது. ஆனால், எல்லா வழக்கிலும் டாக்டர் சாட்சி அவசியமில்லை என்று 2010-இல் சுப்ரீம் கோர்ட்டார் தெளிவாகச் சொல்லியிருக்கின்றார்கள். அந்த வழக்கில், குளிரோடு விட்டுவிட்டு வந்த காய்ச்சலுக்கு மலேரியா மருந்து கொடுக்காமல் டைபாய்டுக்கு வைத்தியம் செய்து அந்த அம்மாள் இறந்துபோனார். ஜில்லாவில் கொடுத்த ரூ. 2 லட்சத்தை, நிபுணர் சாட்சி இல்லை என்று மேலே உள்ள இரண்டு கமிஷன்களும் மறுத்தன. சுப்ரீம் கோர்ட்டு திரும்பக் கொடுத்தது. நம் அம்மையார் விஷயத்திலோ, இரண்டாவது ஆஸ்பத்திரியின் ஸ்கேனும், துணியை எடுத்தோம் என்ற ஆப்பரேஷன் குறிப்புமே வாய் திறந்து பேசும் சாட்சிகள். நுட்பமான வழக்குகளில்தான் சர்க்கார் மருத்துவக் கல்லூரி டாக்டர்களின் அபிப்பிராயத்தைக் கமிஷன் மூலம் கேட்கவேண்டி வரும்.

இதில் பெரிய அபாயம் காலக்கெடுதான். வழக்குக்குக் காரணம் ஏற்பட்ட நாள் முதல் இரண்டு வருஷம். தாமதத்துக்குத் தக்க காரணம் சொல்லி மன்னிப்புக் கேட்கலாம் என்றாலும் அதை நம்பி உட்காரக்கூடாது. 2010-இலேயே சுப்ரீம் கோர்ட்டுக்கு வந்த இன்னொரு வழக்கைக் கேளுங்கள். ஒரு நர்ஸுக்கு 1993-இல் பித்தப்பை ஆப்பரேஷன். ஒன்பது வருஷம் வலி. வலி மாத்திரை தின்றுகொண்டே இருந்தார். ஆப்பரேஷன் செய்த டாக்டரிடம் திரும்பிப் போகவில்லை. 2002-இல் உள்ளே துணி இருந்தது கண்டுபிடிக்கப்பட்டது. 2004-இல் மனுப் போட்டார். கண்டுபிடித்த நாளிலிருந்து கணக்கிடலாம் என்ற தத்துவத்தை ஒப்புக்கொண்ட கோர்ட்டார், இத்தனை வருஷ வலியில் முன்பே கண்டுபிடித்திருக்கவேண்டாமா என்று சொல்லி வழக்கைத் தள்ளிவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவருக்கே இந்தக் கதி. நம் தம்பதிகளுக்கு இன்னும் நான்கு மாதம்தான் இருக்கின்றது.

சர்க்கார் ஆஸ்பத்திரியில் இலவச வைத்தியத்தில் கெட்டவர்களுக்கு வழி கரடுமுரடானது. சிவில் கோர்ட்டில் தாவா, அல்லது ஹைகோர்ட்டில் ரிட். தாவாவுக்குக் கேட்கும் தொகைக்குத் தக்கபடி ஸ்டாம்புக் கட்டணம். கட்ட வகையற்றவர் சிவில் நடைமுறைச் சட்டம் 33-ஆவது ஆர்டரின்படி வறியவர் தாவா போடலாம், கோர்ட்டே வக்கீல் ஏற்படுத்தலாம். ஔரங்காபாத் சர்க்கார் ஆஸ்பத்திரியில் 1963-இல் பிரசவத்துக்குப் போன ஒரு பெண்ணுக்குக் குடும்பக் கட்டுப்பாடு ஆப்பரேஷன் செய்து வயிற்றில் துணியை விட்டுத் தைத்து, அவர் இறந்துபோனார். சர்க்காரே பொறுப்பு என்று முடிவாகத் தீர்ப்பு வந்தது 1996-இல். அப்போது பிறந்த பிள்ளைக்கு அன்று வயது முப்பத்து மூன்றை நெருங்கிவிட்டது! நுகர்வோர் சட்டத்தில் மூன்று மாதம், பரிசோதனை வேண்டியிருந்தால் ஐந்து மாதம் என்று எழுதி வைத்திருக்கின்றார்கள். எழுதியதுபோல் நடப்பதில்லை என்றாலும், முப்பத்து மூன்று வருஷத்துக்கு அது எவ்வளவோ தேவலை. ஜெயித்த பிறகு ஆஸ்பத்திரி அப்பீல் போவதானாலும், தீர்ப்பான தொகையில் பாதியைக் கட்டிவிட்டுத்தான் போகவேண்டும்.

இனி அந்த மடித்து வைத்த கடுதாசி. அதில் ஆஸ்பத்திரிக்காரர் "மனிதாபிமானத்தால்" ரூ. 20,000 கொடுப்பதாகவும், நோயாளி சிகிச்சையில் பூரண திருப்தி அடைந்து, இனி எந்தக் கோர்ட்டிலும் எவ்விதப் பாத்தியமும் கொண்டாடுவதில்லை என்பதாகவும் டைப் அடித்து, கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது. அடகுக்கடை வட்டி கழுத்தை நெரிக்கும்போது ரூ. 20,000 பெரிய தொகைதான். அந்தத் தோழர் கையெழுத்துப் போடலாமா என்று கேட்கத்தான் உண்மையில் நம்மிடம் வந்தார் என்பது பேச்சு முடியும்போதுதான் தெரிந்தது. தவறே செய்யாதவர் எதற்காகப் பணம் கொடுத்து வாயை மூடப் பார்க்கின்றார் என்று கேட்டோம். கமிஷனில் முதல் முதலாக நீட்டப்படும் தஸ்தாவேஜு இந்தக் கடுதாசியாகத்தான் இருக்கும் என்றும், சமரசம் வேண்டுமானால் அதற்கும் சட்டப்பணிக் குழுவும், ஆஸ்பத்திரி வழக்குகளை விசாரிக்க அதிகாரமுள்ள நிரந்தர மக்கள் நீதிமன்றமும் இருக்கின்றன என்றும், அங்கே வக்கீலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசலாம் என்றும் சொன்னோம். அம்மையார் அந்தக் கடுதாசியை எடுத்து மறுபடி மடித்து, "இது இங்கியே இருக்கட்டுங்கய்யா" என்று நம் மேஜை மீது வைத்துவிட்டார்.

திங்கட்கிழமையன்று இருவரும் ஈரோடு கோர்ட்டுக் கட்டிடத்திற்குப் போய், அம்மையார் பெயரில் மனுக் கொடுத்துவிட்டு வந்திருக்கின்றார்கள். வக்கீல் யார் என்பது இரண்டொரு வாரத்தில் தெரியும் என்று சொல்லியிருக்கின்றார்களாம். கேஸ் ஷீட் கேட்கும் கடிதமும் ரிஜிஸ்டர் தபாலில் போய்விட்டது. இதுபோன்ற கஷ்டத்தில் இருக்கும் தோழர்கள் ஞாயிற்றுக்கிழமை மாலையில் நமது காரியாலயத்திற்கு வந்தால், மனு எழுதித் தர இரண்டு சட்டம் படித்த இளைஞர்கள் ஒப்புக்கொண்டிருக்கின்றார்கள். வருகின்றவர்கள் அசல் தஸ்தாவேஜுகளைக் கொண்டுவர வேண்டாம், நகல் போதும். அசலை யாரிடமும், நம்மிடமும்கூட, கொடுக்கவேண்டாம்.